குரல் நோய் ஆய்வுக்கு எந்த மூளைப் படம்? புதுச்சேரி, கடலூர் மாணவர்களுக்கு ஒரு ஒப்பீடு

பேச்சு சிகிச்சை, காது மூக்கு தொண்டை, நரம்பியல் என்று இந்தப் பக்கம் முதுநிலை படிக்கும் பிள்ளைகள் ஆய்வுத் தலைப்பு எழுதிக் கொடுக்க வேண்டிய சமயத்தில் என்னிடம் வந்து கேட்பது பெரும்பாலும் ஒரே கேள்விதான். "குரல் நோயில் மூளை எப்படி இருக்குன்னு பார்க்கணும் மேடம். எஃப்எம்ஆர்ஐ எடுக்கவா, பெட் எடுக்கவா, இல்ல இஇஜி போதுமா?" எஃப்எம்ஆர்ஐ என்பது வேலை செய்யும் மூளையை எம்ஆர்ஐ காந்த மெஷினில் படமெடுப்பது. பெட் என்பது கதிரியக்க மருந்தை ஏற்றி எடுப்பது. இஇஜி என்பது தலையில் மின்முனை ஒட்டி மூளையின் மின் அலையைப் பதிவு செய்வது. பல வருஷமாகக் குரல் பயிற்சி கொடுத்து வருபவள் என்ற முறையில் என் பதிலை விரிவாக எழுதி வைக்கிறேன்.

முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நம் நிலைமையில் முதல் ஆய்வு என்றால் எம்ஆர்ஐ மெஷினில் ஒரே தடவையில் எடுக்கக்கூடிய மூன்றைத்தான் நான் சொல்வேன்: மூளையின் அமைப்புப் படம், நரம்பு இழைகளைக் காட்டும் படம், நோயாளி வாய்விட்டுப் பேசும்போது எடுக்கும் எஃப்எம்ஆர்ஐ. பணமும் மெஷின் நேரமும் கிடைக்காதவர்கள் தயங்காமல் இஇஜி பக்கம் போகலாம். பெட் நல்ல கருவிதான், ஆனால் மாணவர் ஒருவர் தனியாக ஏற்றுச் செய்யக்கூடியது அல்ல.

இந்த முடிவுக்கு நான் எப்படி வந்தேன் என்பது நோயைப் பார்த்தால்தான் புரியும். நரம்பு சார்ந்த குரல் நோய்களில் எல்லோரும் முதலில் ஆய்வு செய்ய ஆசைப்படுவது ஸ்பாஸ்மோடிக் டிஸ்ஃபோனியா. குரல்வளைத் தசைகள் பேசும்போது மட்டும் தாமாக இறுகிவிடும், அல்லது திடீரென்று திறந்துகொள்ளும். இறுகும் வகைதான் அதிகம். குரல் நெரிபட்டு, வெட்டி வெட்டி வரும். திறந்துகொள்ளும் வகையில் சொல்லுக்கு நடுவே காற்றுப் போய்விடும். கடலூர் துறைமுகத்தில் மீன் ஏலம் விடும் ஒரு அம்மாவை நினைத்துக்கொள்ளுங்கள். விலை கூவும்போது குரல் கணீரென்று வருகிறது. சிரிக்கும்போதும் ஒரு குறையும் இல்லை. வீட்டுக்கு வந்து மகளிடம் போனில் "எங்க இருக்க, எப்ப வருவ" என்று கேட்கப் போனால் முதல் 'எ'யிலேயே தொண்டை அடைக்கிறது. வீட்டில் இருப்பவர்கள், "ஊருக்குக் கேக்குற மாதிரி கத்துறவளுக்குப் போன்ல பேச வரலையாம்" என்கிறார்கள். நோயின் இயல்பே இதுதான். ஒரு குறிப்பிட்ட செயலில் மட்டும் தலைகாட்டும் தசை இறுக்க நோய் இது. எழுதும்போது மட்டும் கை இறுகிப்போகும் நோய்க்கு உறவு.

1871ல் ஜெர்மன் மருத்துவர் லுட்விக் டிராவுபே இதைப் பற்றி எழுதினார். அதன் பிறகு வெகுகாலம் இதை மனநோய்க் கணக்கில்தான் வைத்திருந்தார்கள். 1976ல் ஹெர்பர்ட் டீடோ குரல்வளைக்குப் போகும் நரம்பை ஒரு பக்கம் வெட்டிப் பார்த்தார். 1984ல் ஆண்ட்ரூ பிளிட்சர் குரல்வளைத் தசையில் பாட்டுலினம் ஊசி, அதாவது இன்று எல்லோரும் போடாக்ஸ் என்கிற ஊசியைப் போட்டார். இன்றைக்கும் முதன்மைச் சிகிச்சை அந்த ஊசிதான். மூன்று நான்கு மாதம் தாங்கும், பிறகு திரும்பவும் போட வேண்டும். தசையைத் தளர்த்துகிறதே தவிர, கோளாறு தொடங்கும் இடத்தை அது தொடுவதில்லை. அந்த இடம் எது என்று தெரிந்துகொள்ளத்தான் இத்தனை படம் எடுக்கிறார்கள்.

கருவியைத் தேர்ந்தெடுக்கும் சிக்கலும் இதிலேயே இருக்கிறது. நோயாளி பேசினால்தான் நோய் தெரியும். பேசினால் தாடை அசையும், தலை அசையும், மூச்சு மாறும். மூளைப் படம் எடுக்கும் கருவிகளில் அநேகமாக எல்லாமே அசையாமல் இருக்கச் சொல்பவை. ஆகவே நான் ஒவ்வொரு கருவியையும் முதலில் பார்ப்பது, அந்த அம்மாவை அதற்குள் பேசவிட முடியுமா என்றுதான்.

எஃப்எம்ஆர்ஐயில் தொடங்குவோம். வேலை செய்யும் மூளைப் பகுதிக்கு ரத்தம் கூடுதலாகப் பாயும். ரத்தத்தில் ஆக்சிஜன் அளவு மாறும்போது காந்த சைகையும் லேசாக மாறும். சேஜி ஒகாவா 1990ல் காட்டியது இதைத்தான். இரண்டு மூன்று மில்லிமீட்டர் துல்லியத்தில், ஊசியும் கதிர்வீச்சும் இல்லாமல், மூளையின் மேலடுக்கான புறணியையும், ஆழத்தில் இருந்து அசைவை ஒழுங்குபடுத்தும் அடித்தள முடிச்சுகளையும் ஒருசேரப் பார்க்கலாம். தசைகளுக்குக் கட்டளை அனுப்பும் இயக்கப் புறணியில் குரல்வளைக்கென்று மனிதனுக்கு உள்ள இடத்தை 2008ல் ஸ்டீவன் பிரௌன் குழு தெளிவாக்கியது இந்த முறையில்தான். கிறிஸ்டினா சிமோன்யானும் கிறிஸ்டி லட்லோவும் 2010ல் வெளியிட்ட ஆய்வில், இந்த நோயாளிகளுக்கு இயக்கப் பகுதியோடு தொடு உணர்வுப் பகுதியும் அளவுக்கு மீறி வேலை செய்வதைக் காட்டினார்கள். எனக்கு அது முக்கியமான திருப்பமாகப் பட்டது. தசைக்குப் போகும் கட்டளையைப் போலவே தசையிலிருந்து வரும் சேதியும் கோளாறில் பங்கு வகிக்கலாம் என்றால், பயிற்சி கொடுக்கும் எங்களுக்கும் அங்கே வேலை இருக்கிறது.

சரி, இதில் கஷ்டம் என்ன? முதலில் சத்தம். மெஷின் ஓடும்போது 100 டெசிபலைத் தாண்டும். இரைச்சலில் யாரானாலும் குரலை உயர்த்தித்தான் பேசுவோம், தன் குரலும் தனக்குச் சரியாகக் கேட்காது. போனில் அடைக்கும் குரல் ஏலத்தில் அடைக்காத நோயில், நோயாளியைக் கத்த வைத்துவிட்டு நோயைப் படம் பிடித்தேன் என்று சொல்ல முடியாது. இதற்கு ஒரு நல்ல வழி இருக்கிறது. ரத்த ஓட்ட மாற்றம் பேசிய ஐந்தாறு விநாடி கழித்துத்தான் உச்சத்துக்கு வரும். எனவே மெஷினை நிறுத்தி வைத்து, அமைதியில் நோயாளியைப் பேசவிட்டு, பேசி முடித்ததும் ஒரே ஒரு முறை படம் எடுத்துவிட்டு, மறுபடி நிறுத்த வேண்டும். சத்தமும் இல்லை, எடுக்கும் நேரத்தில் தாடையும் அசையாது. பதிலுக்கு நேரம் பிடிக்கும். தொடர்ந்து எடுத்தால் கிடைக்கும் படங்களில் ஒரு சிறு பங்குதான் இதில் கிடைக்கும். பரவாயில்லை, இந்த நோய்க்கு வேறு மாதிரி எடுப்பதில் அர்த்தமில்லை என்றே நினைக்கிறேன்.

அப்புறம், ஒவ்வொரு முறை பேசியதையும் பதிவு செய்ய வேண்டும். காந்தத்துக்குள் சாதாரண மைக் போகாது, அதற்கென்று ஒளியிழை மைக் உண்டு. எந்த வாக்கியத்தில் குரல் உடைந்தது, எதில் உடையவில்லை என்று பிற்பாடு காதால் கேட்டுக் குறித்தால்தான் படத்துக்கு மதிப்பு. இந்த வேலையைப் பேச்சு சிகிச்சையாளர்தான் செய்ய வேண்டும். மருத்துவர்கள் நடத்தும் ஆய்வில் முதலில் விட்டுப்போவதும் இதுதான்.

என்ன வாக்கியம் கொடுப்பது என்பதற்கு மாணவர்கள் போதிய நேரம் ஒதுக்குவதில்லை. இறுகும் வகை நோயாளிக்குக் குரல் நாண் அதிரும் ஒலிகளில் குரல் அடைக்கும். திறக்கும் வகைக்கு நாண் அதிராத க், ச், ட், த், ப் ஒலிகளில் காற்றுப் போகும். ஆங்கிலத்தில் இதற்கென்று செய்து வைத்த வாக்கியங்களை மொழிபெயர்த்துக்கொண்டு வருகிறார்கள். அது உதவாது. பொருள் தமிழுக்கு வந்துவிடும், ஒலி வராது. "அம்மா ஊரில் நல்ல மழையா?" என்பதில் தொடக்கம் முதல் முடிவு வரை நாண் அதிர்ந்துகொண்டே இருக்கும். இறுகும் வகைக்கு இதைப் போல வேண்டும். "பத்துப் பச்சைத் தக்காளி" என்று சொல்லச் சொன்னால் நாண் திறந்து திறந்து மூட வேண்டும், திறக்கும் வகை நோயாளி இதில் தடுமாறுவார். நம் எழுத்தில் கசடதபற இடத்துக்கு இடம் ஒலி மாறும் என்பதால் பட்டியலை எழுதி முடித்த பிறகு வாய்விட்டுப் படித்துப் பார்த்துத்தான் எந்த வகைக்கு எது என்று பிரிக்க முடியும். இதே வாக்கியங்களைக் கிசுகிசுத்தும் சொல்ல வையுங்கள். கிசுகிசுப்பில் நாண் அதிராது, நோயும் பெரும்பாலும் அடங்கியிருக்கும். வாயும் நாக்கும் செய்வது ஏறக்குறைய ஒன்றே என்பதால் ஒப்பிட வசதி.

காந்தத்துக்குள் போகுமுன் உலோகத்தைக் கழற்ற வேண்டும் என்பது எல்லோருக்கும் தெரியும். நம் ஊரில் அது முதல் நாளே பேசி வைக்க வேண்டிய விஷயம். தாலிச் சரடைக் கழற்ற மனம் வராத அம்மாக்களுக்கு மஞ்சள் கயிறு மாற்றிக்கொள்ளலாம் என்று முன்கூட்டியே சொன்னால் வீட்டில் பேசி முடிவெடுத்து வருவார்கள். மெட்டி வந்துவிடும். இருபது முப்பது வருஷமாகக் கழற்றாத மூக்குத்தித் திருகு வராது. படுக்கையில் படுக்க வைத்த பிறகு அதைத் திருகிக்கொண்டிருந்தால் அவருக்கும் வலி, அன்றைய ஸ்கேன் நேரமும் போச்சு. பேஸ்மேக்கர், காது உள்வைப்பு, உடம்பில் உள்ள பிளேட், பல்லில் போட்ட உலோகம் எல்லாவற்றையும் முதல் சந்திப்பிலேயே கேளுங்கள். குழாய்க்குள் மூச்சு முட்டுமா என்று கேட்க மறக்காதீர்கள். குரல் போனவருக்கு, உள்ளே இருந்து கூப்பிட்டால் யாருக்கும் கேட்காதோ என்ற பயம் மற்றவர்களைவிட அதிகம். அழுத்தினால் மணி அடிக்கும் பந்தை அவர் கையில் கொடுத்து, ஒரு தரம் அழுத்திப் பார்க்கச் சொல்லிவிட்டு உள்ளே அனுப்புங்கள்.

போடாக்ஸ் போட்டிருந்தால் அதன் வேகம் முழுக்கத் தணிந்த பிறகு எடுங்கள், அதாவது அடுத்த ஊசிக்கு முந்தைய நாட்களில். அது நோயாளிக்கு மிக மோசமான வாரம். அந்த வாரத்தில் புதுச்சேரி கோரிமேட்டு ஜிப்மர் மருத்துவமனை வரிசைக்குக் கடலூரிலிருந்து விடிகாலை பஸ் பிடித்து வரும் ஒருவரை ஸ்கேனுக்கு ஒரு நாள், ஊசிக்கு இன்னொரு நாள் என்று இரண்டு முறை அலையவிடாதீர்கள். காலையில் படம், மதியம் ஊசி என்று ஏற்பாடு செய்ய முடியும்.

அதே மெஷினில் எடுக்கும் மற்ற இரண்டு படங்களுக்கும் நோயாளி பேசவே தேவையில்லை. சும்மா படுத்திருந்தால் போதும். நரம்பு இழைப் படம் தண்ணீர் மூலக்கூறு எந்தத் திசையில் எளிதாக நகர்கிறது என்று அளந்து, இழைகள் ஓடும் பாதையையும் அவற்றின் கட்டுக்கோப்பையும் காட்டுகிறது. 2008ல் சிமோன்யான், லட்லோ குழுவினர், இயக்கப் புறணியிலிருந்து மூளைத்தண்டுக்கு இறங்கும் பாதையில், உள் உறை என்கிற இடத்தின் வளைவில் இழைகளின் ஒழுங்கு குறைந்திருப்பதைக் காட்டினார்கள். அதோடு விடாமல், இறந்துபோன ஒரு நோயாளியின் மூளைத் திசுவை எடுத்துப் பார்த்து அதே இடத்தில் இழைகள் குறைந்திருப்பதையும் உறுதி செய்தார்கள். படத்தில் தெரிந்ததைத் திசுவிலும் சரிபார்த்த ஆய்வு இந்தத் துறையில் அரிது. அதனால்தான் எனக்கு இந்த முறையில் நம்பிக்கை. நோய் இருப்பதால் இழை மாறியதா, இழை மாறியதால் நோய் வந்ததா என்று இந்தப் படம் சொல்லாது. அதை உங்கள் ஆய்வின் முடிவுரையில் சொல்லிவிட்டால் போதும்.

சாதாரண அமைப்புப் படத்தை லேசாக எண்ணாதீர்கள். 2020ல் டேவிடே வலேரியானியும் சிமோன்யானும் வெளியிட்ட டிஸ்டோனியாநெட் என்ற கணினிக் கற்றல் முறை வெறும் அமைப்புப் படத்தை வைத்தே குரல்வளை, கழுத்து, கண்ணிமை ஆகியவற்றின் தசை இறுக்க நோயாளிகளை ஆரோக்கியமானவர்களிடமிருந்து 98.8 சதவீதம் சரியாகப் பிரித்தது. இதைப் படித்துவிட்டு, இனி ஸ்கேன் எடுத்தால் நோய் தெரிந்துவிடும் என்று மாணவர்களும் நோயாளிகளும் என்னிடம் கேட்டிருக்கிறார்கள். நம் ஊர் ஸ்கேன் சென்டரில் கதிரியல் மருத்துவர் கண்ணால் பார்த்துச் சொல்லும் ரிப்போர்ட் வேறு, இது வேறு. கண்ணால் பார்த்தால் இந்த நோயாளிகளின் எம்ஆர்ஐ பொதுவாக நார்மலாகவே இருக்கும். இன்றும் நோயைக் கண்டுபிடிப்பது அனுபவப்பட்ட காதும், மூக்கு வழியாக விட்டுப் பேசச் சொல்லிப் பார்க்கும், வளைந்துகொடுக்கும் எண்டோஸ்கோப்பும்தான். நம் மக்களின் படங்கள் ஒழுங்காகச் சேர்ந்தால் இப்படிப்பட்ட முறைகள் நமக்கும் பொருந்துமா என்று சோதிக்கலாம். ஒரு மாணவர் எடுக்கும் சிறு தொகுப்புக்கும் அங்கே இடம் உண்டு.

பெட் ஸ்கேனுக்கு ஒரு பெரிய நன்மை உண்டு. மூளையில் என்ன ரசாயனம் எப்படி வேலை செய்கிறது என்று அதில் தெரியும். ஸ்பாஸ்மோடிக் டிஸ்ஃபோனியாவில், டோபமின் என்ற மூளை ரசாயனத்தைப் பிடித்துக்கொள்ளும் ஏற்பிகளின் பிணைப்பு குறைந்திருப்பதை 2013ல் காட்டியது பெட் வழியாகத்தான். பார்க்கின்சன் நோயாளிகளின் தணிந்த குரலுக்கு லொரெய்ன் ராமிக் உருவாக்கிய உரக்கப் பேசும் பயிற்சிக்குப் பிறகு மூளையின் இயக்கம் மாறுவதை 2003ல் மாரியோ லியோட்டி குழு காட்டியதும் பெட்டில்தான். எங்கள் பயிற்சி தொண்டையோடு நிற்பதில்லை, மூளை வரை போகிறது என்பதற்கு அது சாட்சி. எனவே பெட்டைக் குறைத்துச் சொல்ல எனக்கு மனமில்லை.

தடை எங்கே என்றால், கதிரியக்க மருந்தின் ஆயுளில். ரத்த ஓட்டம் அளக்கும் ஆக்சிஜன்-15 இரண்டே நிமிஷத்தில் பாதியாகிவிடும். டோபமின் ஏற்பிக்கு உதவும் கார்பன்-11க்கு இருபது நிமிஷம். இவற்றைத் தயாரிக்கும் சைக்ளோட்ரான் ஸ்கேனருக்குப் பக்கத்திலேயே இருக்க வேண்டும். 110 நிமிஷ அரை ஆயுள் உள்ள ஃபுளோரின்-18 தாங்கும். சென்னையிலிருந்து வண்டியில் மூன்று மணி நேரம் என்றால் புதுச்சேரி வந்து சேரும்போது ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு மிச்சமிருக்கும். அந்த ஃபுளோரின் சேர்ந்த குளுக்கோஸில் ஒரு அழகான வசதி: மருந்தை ஏற்றிய பிறகு நோயாளி அமைதியான அறையில் உட்கார்ந்து அரை மணி நேரம் இயல்பாகப் பேசலாம். மூளை அந்த நேரத்தில் எடுத்துக்கொண்ட குளுக்கோஸைப் பிறகு படுக்க வைத்துப் படமெடுக்கலாம். இரைச்சலும் இல்லை, தாடை அசைவும் தொல்லை இல்லை. ஆனால் அரை மணி நேரப் பேச்சு முழுவதும் ஒரே படமாகக் கலந்துவிடும், எந்தச் சொல்லில் குரல் உடைந்தது என்று பிரிக்க வழியில்லை. ஆரோக்கியமான ஒப்பீட்டாளர்களுக்கும் கதிர்வீச்சு கொடுக்க வேண்டும் என்பதை நெறிமுறைக் குழு சும்மா விடாது, விடவும் கூடாது. அணு மருத்துவத் துறை தாமே முன்வந்து நடத்தினால் சேர்ந்துகொள்ளுங்கள். தனியாகத் தொடங்காதீர்கள்.

இஇஜிக்கு வருவோம். மலிவு, சத்தமில்லை, நோயாளி நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்து பேசலாம், மில்லிவிநாடிக் கணக்கில் மாற்றம் தெரியும். எந்த இடத்திலிருந்து வருகிறது என்பது மண்டையோட்டைத் தாண்டி வருவதால் கலங்கலாகத்தான் தெரியும். அடித்தள முடிச்சு போன்ற ஆழமான இடங்களை இதை வைத்துப் பேசக் கூடாது. பேச ஆரம்பித்ததும் தாடைத் தசையின் மின்சாரம் மூளையினுடையதை மூழ்கடித்துவிடும். அதனால் பேசுவதற்கு முந்தைய ஒரு விநாடியைப் பாருங்கள். நோயாளி சொல்லத் தயாராகிறார், தசை இன்னும் அசையவில்லை. அந்தத் தயாரிப்பே வேறு மாதிரி இருக்கிறதா என்பது அருமையான கேள்வி, இஇஜி அதற்கென்றே அமைந்த கருவி. தேங்காய் எண்ணெய் தடவிய தலையில் மின்முனை ஒட்டாது. முந்தின நாள் சீயக்காய் போட்டுக் குளித்து, எண்ணெய் வைக்காமல், பூ வைக்காமல் வரச் சொல்லுங்கள்.

2019ல் மின்னசோட்டா பல்கலைக்கழகத்தில் யூர்கன் கொன்சாக் குழு குரல்வளைமேல் சிறு அதிர்வுக் கருவியை வைத்து, சில நோயாளிகளின் குரல் அதனால் மேம்படுவதையும், இஇஜியில் தொடு உணர்வு, இயக்கப் பகுதிகளின் அலை மாறுவதையும் காட்டியது. செலவு குறைந்த சிகிச்சை, செலவு குறைந்த அளவீடு. எம்ஆர்ஐ நேரம் கிடைக்காத மாணவர் இதைத் தமிழ் நோயாளிகளிடம் திரும்பச் செய்து பார்த்தாலே நல்ல ஆய்வு. என்னிடம் வழிகாட்டக் கேட்டால் மனமார ஒப்புக்கொள்வேன்.

மூளையின் காந்தப் புலத்தை அளக்கும் எம்இஜி பெங்களூரில் உள்ள மனநல, நரம்பியல் நிறுவனமான நிம்ஹான்ஸில் இருக்கிறது. அங்கே சேர்ந்து படிப்பவர்களுக்கு வாய்ப்பு. தலையில் ஒளி பாய்ச்சிப் பார்க்கும் முறை சத்தமில்லாதது, எடுத்துச் செல்லவும் எளிது. ஆனால் நம் அடர்ந்த கருமுடி ஒளியை விழுங்கும், உள்ளே இரண்டு மூன்று சென்டிமீட்டருக்கு மேல் எட்டாது. இந்த நோயில் எனக்குப் பார்க்க வேண்டிய இடங்கள் அதைவிட ஆழத்தில் இருக்கின்றன.

கருவிக்கு இணையாக யோசிக்க வேண்டியது, யாரோடு ஒப்பிடுவது என்பது. ஆரோக்கியமானவர்களோடு மட்டும் ஒப்பிட்டால், சிரமப்பட்டுப் பேசும் எவருக்கும் வரக்கூடிய மாற்றத்தை நோயின் மாற்றம் என்று எழுதிவிடுவீர்கள். தவறான பழக்கத்தால் கழுத்துத் தசையை இறுக்கிப் பேசுகிறவர்கள், பள்ளி ஆசிரியர்களிடையே நிறையப் பேர், எங்கள் கிளினிக்குகளில் எப்போதும் இருக்கிறார்கள். பழகாத காதுக்கு இவர்கள் குரலும் ஸ்பாஸ்மோடிக் டிஸ்ஃபோனியா நோயாளிகளின் குரலும் ஒன்றுபோலக் கேட்கும். பயிற்சியில் இவர்கள் குணமாவார்கள், அந்த நோயாளிகள் ஆக மாட்டார்கள். இந்த மூன்றாவது குழுவைச் சேர்க்காத ஆய்வை நான் கையெழுத்திட்டு அனுப்ப மாட்டேன். ஸ்பாஸ்மோடிக் டிஸ்ஃபோனியா அரிய நோய். படிப்பு முடிவதற்குள் போதிய பேர் கிடைக்க மாட்டார்கள் என்று தோன்றினால் பார்க்கின்சன் குரலுக்கு மாறுங்கள். நோயாளிகள் கிடைப்பார்கள். மாத்திரை எடுத்த எத்தனை மணி நேரத்தில் ஸ்கேன் செய்கிறீர்கள் என்பதை மட்டும் எல்லோருக்கும் ஒன்றாக வைத்துக்கொள்ளுங்கள். தலை நடுக்கம் அதிகம் உள்ளவர்களுக்கு எம்ஆர்ஐயைவிட இஇஜி தேவலை.

இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகமான ஐசிஎம்ஆரின் 2017 நெறிமுறைகள்படி ஆய்வுக்காக எடுக்கும் ஸ்கேனுக்கு நோயாளியிடம் காசு வாங்கக் கூடாது. பஸ் செலவும் அன்றைய கூலியும் ஆய்வுத் தொகையில் போட்டுக்கொள்ளுங்கள். ஒப்புதல் படிவத்தைத் தமிழில் எழுதி, படித்துக் காட்டி, குரல் வராதவர் தலையசைத்தால் போதும் என்று விடாமல், அவருக்குச் சந்தேகம் இருந்தால் எழுதிக் கேட்கப் பேப்பரும் பேனாவும் கொடுங்கள். எதிர்பாராமல் கட்டியோ வேறு ஏதாவதோ படத்தில் தெரிந்தால் யார் அவரிடம் சொல்வது, எந்தத் துறைக்கு அனுப்புவது என்பதையும் முதலிலேயே எழுதி வைத்திருக்க வேண்டும்.

கடைசியாக ரிப்போர்ட். படம் எடுத்துக்கொண்டவர் அதைக் கேட்பார், கொடுக்க வேண்டும். "மூளை எம்ஆர்ஐ: நார்மல்" என்று மட்டும் அச்சடித்துக் கொடுத்தால், "பாத்தியா, ஒண்ணும் இல்ல, எல்லாம் உன் மனசு" என்று வீட்டில் சொல்ல அந்தத் தாளே போதும். நான் மாணவர்களிடம் தனித்தாளில் இப்படி எழுதிக் கொடுக்கச் சொல்கிறேன்: "உங்கள் மூளையில் கட்டியோ பக்கவாதத்தின் அடையாளமோ இல்லை. உங்களுக்கு இருக்கும் குரல் நோய் நரம்பு சார்ந்தது. அது இந்த வகைப் படத்தில் கண்ணுக்குத் தெரியாது. உங்கள் சிகிச்சையைத் தொடருங்கள்." கீழே ஈஎன்டி மருத்துவரின் கையெழுத்தும் இருக்கட்டும்.